நான் எழுதிக்கொண்டு வந்த பூஜ்யம்

போன மாதம் நூர்ஜஹான் போன் செய்தாள். வீடு வீடாகப் போய்ப் பதின்ம வயதுப் பிள்ளைகளின் மனநலத்தை அளக்கிற கணக்கெடுப்பு வேலையில் நானும் அவளும் பல வருடம் ஒன்றாக இருந்தோம். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அவள் கோட்டைமேட்டிலிருந்து இன்னும் போய்க்கொண்டிருக்கிறாள்.

"ஏங்க்கா, சேதி தெரியுங்களா? இனிமே கேள்வி கேக்க நம்மள மாதிரி ஆளே வேண்டாமாம். பிள்ளைங்க கையிலயே டேப்லெட்டைக் கொடுத்துடறாங்க. அவங்களே படிச்சு, அவங்களே தொட்டு, அவங்களே முடிச்சுடறாங்க."

"நல்லதாப் போச்சு போ" என்றேன்.

"என்னக்கா இப்படிச் சொல்றீங்க! கொஞ்சங்கூட வருத்தமில்லையா உங்களுக்கு?"

வருத்தம் இல்லை என்று சொல்ல முடியாது. பத்து வருடத்துக்கு மேல் தேய்த்த செருப்பு. ஆனால் நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான், "அதை எழுதி வையுங்கக்கா. புதுசா வர்ற பொண்ணுங்க படிக்கட்டும்" என்றாள். எழுதுகிறேன். இதில் வருகிற பல்லடத்துக் குடும்பத்தின் பெயர்கள் மட்டும் அவர்களுடையவை அல்ல. அந்த வீட்டுப் பெண்ணே அப்படித்தான் எழுதச் சொன்னாள்.

எனக்கு வீடு கோயம்புத்தூரில், கணபதியில். கணவர் லேத் பட்டறையில் இருந்தார். நான் பி.ஏ. முடித்துவிட்டு முதலில் குழந்தைகளை எடை பார்க்கிற, தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்கிற கணக்கெடுப்புகளுக்குப் போனேன். அது சுலபமான வேலை. குழந்தையைத் தூக்கி மிஷினில் வைத்தால் முள் சொல்லிவிடும். மனநலத் திட்டத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனபோது நாற்பது தாண்டியிருந்தது. எட்டு நாள் பயிற்சி. ஒருவரை ஒருவர் உட்கார வைத்துக் கேள்வி கேட்டுப் பழகினோம். அவ்வளவுதான்.

அந்தத் திட்டத்தின் தலைவி டாக்டர் எஸ்தர். நாகர்கோவில் பக்கம். நம் பக்கத்து 'ங்க'வெல்லாம் அவர் வாயில் வராது. ஆனால் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் டிபன்பாக்ஸ் மூடி, இன்னொரு கையில் பென்சில். நாங்கள் கொண்டுவந்து கொடுத்த தாள்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். திட்ட மாட்டார். சந்தேகம் வந்த இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைப்பார். மறுநாள் அந்தத் தாள் நம் மேஜைக்கு வரும். புள்ளியைப் பார்த்து நாமே யோசித்துக்கொள்ள வேண்டும். இதற்கு நாலு திட்டு திட்டியிருக்கலாம் என்று பல தடவை தோன்றியிருக்கிறது.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். தாளில் பத்துக் கேள்விகள். போன இரண்டு வாரத்தில் தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது மனம் ஒட்டியதா, தன்மேலேயே வெறுப்பு வந்ததா, இப்படிப் போகும். பத்தாவது கேள்வி, உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றியதா என்பது. பிள்ளையின் கையில் ஓர் அட்டை. அதில் நாலு வரி: ஒரு நாளும் இல்லை, சில நாள், பாதி நாளுக்கு மேல், அநேகமாகத் தினமும். பிள்ளை வாயைத் திறக்கவே வேண்டாம். வரியின் மேல் விரலை வைத்தால் போதும். முதல் வரிக்குப் பூஜ்யம், கடைசி வரிக்கு மூன்று. எல்லாவற்றையும் கூட்டி அடியில் எழுத வேண்டும்.

இதில் எஸ்தர் மேடத்தின் சட்டங்கள் நாலைந்து இருந்தன. தாளில் இருப்பதை இருக்கிறபடியே வாசிக்க வேண்டும். 'நல்லாத்தானே கண்ணு தூங்கறே?' என்று கேட்டால் அது கேள்வியே இல்லை. வாசித்த பிறகு வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. "காரணம் என் வேலை. எத்தனை நாள் என்பது மட்டும் உங்கள் வேலை" என்பார். பெற்றவர்கள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கலாம், காதுக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கக் கூடாது. பிள்ளை என்ன சொன்னது என்று வீட்டில் யாரிடமும் மூச்சு விடக் கூடாது. பத்தாவது கேள்விக்கு முதல் வரி தவிர வேறு எங்கே விரல் வைத்தாலும், மேடத்துக்கு போன் போட்டு, அவர் சொல்கிற வரைக்கும் அந்த வீட்டை விட்டு நகரக் கூடாது. கடைசியாக ஒன்று. தெரிந்தவர் வீடாக இருந்தால் தாளை இன்னொருவரிடம் கொடுத்துவிட வேண்டும். தாளின் தலைப்பிலேயே 'அறிமுகம் உண்டா' என்று ஒரு கட்டம் இருந்தது.

இப்போது என் பெருமையைச் சொல்கிறேன். அந்த நாளில் எனக்கு அது கொஞ்சநஞ்சமாக இல்லை. மற்றவர்கள் போனால் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் கதவைச் சாத்திவிடுவார்கள். என்னை ஒருவரும் திருப்பி அனுப்பியதில்லை. அதற்கு என்னிடம் ஒரு வழி இருந்தது. வாசலில் நின்று, "ஏனுங்க, கொஞ்சம் தண்ணி கொடுங்க" என்று ஆரம்பிப்பேன். தண்ணீர் வரும்போது, "உங்களுக்குப் பொறந்த ஊரு எதுங்க?" என்பேன். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் ஐந்து நிமிடம் போதும். அந்த ஊரில் யார் வீடு, எந்தக் கோயில் சனம், யாரை எங்கே கட்டிக்கொடுத்தது என்று போய், எங்காவது ஒரு முறை கிடைத்துவிடும். அக்கா முறை, அண்ணி முறை, ஒன்றுமில்லாவிட்டால் அக்கா வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன் முறை. அப்புறம் என்ன, காப்பி வரும், கையெழுத்து வரும். நூர்ஜஹான் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். "எனக்கு முறை கண்டுபிடிக்க இங்க யாருமில்லீங்க்கா, நான் சட்டப்படிதான் போகோணும்" என்பாள்.

ஒரு நாள் மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்தபோது மேடம் என்னை மட்டும் உட்காரச் சொன்னார். பாராட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். என் தாள்களை ஒரு பக்கமும் மற்றவர்கள் தாள்களை இன்னொரு பக்கமும் அடுக்கி வைத்திருந்தார்.

"சரஸ்வதி, எல்லாரையும்விட உங்களுக்குத்தான் கதவு திறக்குது. எல்லாரையும்விட உங்க பிள்ளைங்கதான் சந்தோஷமாவும் இருக்காங்க. ரெண்டும் சேர்ந்து வர்றது எனக்கு உறுத்துது."

எனக்குச் சுருக்கென்றது. "எங்க பக்கத்துப் பிள்ளைங்க அப்படித்தானுங்க மேடம். நல்ல வளர்ப்பு" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "பதினாறு வயசுப் பிள்ளை ரெண்டு வாரத்துல ஒரு ராத்திரிகூடத் தூக்கம் கெடாம இருக்கிறது அபூர்வம். பூஜ்யத்தைப் பார்த்தா நான் பயப்படுவேன். நீங்களும் பயப்படுங்க" என்று சொல்லிவிட்டு டிபன்பாக்ஸை மூடினார். வீடு வந்து சேரும் வரைக்கும் பஸ்ஸில் மனசுக்குள் அவரை வைதுகொண்டே வந்தேன். இவருக்கு எங்கள் ஊரைப் பற்றி என்ன தெரியும் என்று.

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் பல்லடம் போனேன். விசைத்தறிக் குடும்பம். வீட்டை ஒட்டியே தறிக்குடோன். அப்பா தறியில் இருந்தார். அம்மா பேர் மல்லிகா, என்னைவிடச் சின்னவள். மகள் கீர்த்தனா, பதினொன்றாம் வகுப்பு. தண்ணீர் கேட்டேன், ஊர் கேட்டேன். மல்லிகாவுக்குப் பிறந்த ஊர் என் அம்மாவின் ஊர். பேச்சு அப்படியே போய் அவள் எனக்குத் தங்கை முறை என்று முடிந்தது.

"அட, நம்மூட்டு அக்காவா! தெரியாம வாசல்லயே நிக்க வெச்சுப்போட்டனே! கண்ணு, கீர்த்தனா, இங்க வா. பெரியம்மா வந்திருக்கறாங்க பாரு."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வந்தது. காப்பி கொண்டுவந்து வைத்ததும் அதுதான். நான் தாளை எடுத்தேன். 'அறிமுகம் உண்டா' கட்டத்தில் பேனாவை வைத்தபோது ஒரு நொடி தயங்கினேன். பத்து நிமிடத்துக்கு முன்னால் இவர்கள் யாரென்றே எனக்குத் தெரியாது, அப்படியானால் அறிமுகம் இல்லைதானே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு 'இல்லை' என்று எழுதினேன். மல்லிகா கூடத்தில் எங்களுக்கு எதிரே உட்கார்ந்து அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். முறைக்காரியை அவள் வீட்டுக் கூடத்திலிருந்தே எழுந்து போகச் சொல்வதா? கேள்வியை ஆரம்பித்தேன்.

நான் வாசித்து முடிக்கும் முன்பே அதன் விரல் முதல் வரிக்குப் போய்விட்டது. பத்துக் கேள்விக்கும் அப்படித்தான். மனசுக்குள் எண்ண வேண்டிய பத்தை நான் ஒரு தடவைகூட எண்ணவில்லை. எண்ண வேண்டிய தேவையே இல்லாத மாதிரி இருந்தது. அரை மணி நேரம் ஆக வேண்டியது ஏழெட்டு நிமிடத்தில் முடிந்தது. அடியில் பூஜ்யம் என்று எழுதினேன். காப்பி டம்ளரைக் கொடுத்துவிட்டு வாசலில் செருப்பு மாட்டும்போது, எழுதவே கை கூசுகிறது, மல்லிகாவின் தோளைத் தட்டி நான் சொன்னேன்:

"பொண்ணு ஜம்முனு இருக்கறா மல்லிகா. ஒரு கவலையும் வேண்டாம். போயிட்டு வாரேன்."

பத்துத் தாளுக்கு ஒரு தாளை எடுத்து, வேறொருவரை அனுப்பி மறுபடி கேட்பது திட்டத்தின் வழக்கம். கீர்த்தனாவின் தாளில் அந்தப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் மேடம் பென்சில் புள்ளி வைத்து நூர்ஜஹானிடம் கொடுத்திருக்கிறார். எனக்குத் தெரியாது. நான் போன பதினோராம் நாள் அவள் போனாள். அன்று மத்தியானம் நான் ஆபீஸில் தாள் அடுக்கிக்கொண்டிருந்தேன். மேடத்தின் போன் அடித்தது. அவர் கேட்டுக்கொண்டே எழுந்து நின்றார். "நீங்க அவ பக்கத்துலயே இருங்க. எங்கேயும் போகாதீங்க" என்று போனில் சொன்னார். என்னைப் பார்த்து, "பல்லடம். நீங்களும் வாங்க" என்றார். காரில் கிளம்பினோம்.

நூர்ஜஹான் செய்ததை அப்புறம் தெரிந்துகொண்டேன். அவள் ஊர் கேட்கவில்லை. மல்லிகா கூடத்தில் உட்கார்ந்ததும், "பிள்ளைகிட்டத் தனியாத்தானுங்க பேசோணும், எங்க சட்டம் அப்படிங்க" என்று நேராகச் சொல்லிவிட்டாள். மல்லிகாவுக்கு முகம் சுண்டிப்போயிருக்கிறது. நூர்ஜஹான் கீர்த்தனாவைத் தறிக்குடோன் சுவரோரம் கூட்டிப்போய் உட்கார வைத்திருக்கிறாள். தறி ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. கேள்வியை அதன் காதருகில் வாசித்துவிட்டு எண்ணியிருக்கிறாள். முதல் கேள்விக்குப் பத்து எண்ணி முடித்த பிறகும் விரல் அசையவில்லையாம். அப்புறம் மெதுவாகக் கடைசி வரிக்குப் போயிருக்கிறது. பத்தாவது கேள்விக்கும் விரல் முதல் வரியில் நிற்கவில்லை.

மேடம் முன்னால் போய், கீர்த்தனாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றதும் மல்லிகா ஆவேசமானாள். "ஏனுங்க டாக்டர், என்ற புள்ளைக்கு என்னங்க கேடு? நல்லாப் படிக்குது, நல்லாச் சிரிக்குது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேங்கறீங்க. வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாருங்க இவளைக் கேட்டு வருவாங்க?" என்றாள். என்னைக் கண்டதும் பிடித்துக்கொண்டாள். "இதோ, அக்காவே வந்துட்டாங்க. நீங்களே சொல்லுங்கக்கா. ஜம்முனு இருக்கறான்னு நீங்கதானுங்க சொல்லிப்போட்டுப் போனீங்க?"

மேடம் என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. நான் பதில் சொல்லும் முன்னால் கீர்த்தனா பேசியது. சுவரோரம் நூர்ஜஹானின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குரல் சின்னதாக இருந்தது.

"முந்தாநேத்து அம்மாகிட்டச் சொல்லிப் பார்த்தேனுங்க பெரியம்மா. எனக்கு முடியலம்மா, என்னமோ பண்ணுதுன்னு. பெரியம்மா அத்தனை கேள்வி கேட்டு ஒண்ணுமில்லைன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க, உனக்கு என்னடி வந்துச்சுன்னாங்க. அப்புறம் நான் யாருகிட்டங்க சொல்றது?"

நான் ஒரு தப்பான எண்ணை எழுதிக்கொண்டு போனதோடு அது முடியவில்லை. அந்தப் பிள்ளை கஷ்டப்பட்டு வாயைத் திறந்தபோது என் பூஜ்யத்தை வைத்து அதன் வாயை அடைத்திருக்கிறார்கள். மல்லிகாவைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? அவள் என்னை நம்பினாள்.

"மல்லிகா, நான் சொன்னது தப்பு. எனக்கு ஒண்ணும் தெரியாமச் சொல்லிப்போட்டேன். நீ பக்கத்துல உக்காந்திருந்தே. என்னைப் பார்த்தா முறைக்காரி. அந்தப் புள்ளை எப்படி நெசத்தைச் சொல்லும்? இப்பச் சொல்லுது, கேளு" என்றேன். எல்லோர் முன்னாலும் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மல்லிகா என்னையே பார்த்தாள். "நீங்க நம்ம சனமுங்க. நாளைக்கு ஒரு கல்யாணத்துல நாலு பேருகிட்ட நீங்களே சொல்லிப்போடுவீங்க" என்றாள். அவளுடைய பயம் ஆஸ்பத்திரியைப் பற்றியதைவிட என்னைப் பற்றியதாகத்தான் இருந்தது. முறை சொல்லிக் கதவைத் திறக்க வைத்த நான் கேட்க வேண்டிய வார்த்தைதான் அது.

"என்ற ஊட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது மல்லிகா. கல்யாணத்துல பார்த்தா நீ யாரோ, நான் யாரோ" என்று அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன். அவள் தறிக்குடோனுக்குள் போய்க் கணவரிடம் ஏதோ சொன்னாள். ஒவ்வொரு தறியாக நின்றது. அந்த அமைதியில் அவர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, "போலாமுங்க" என்றார். அவர்கள் மூன்று பேரும் மேடத்தோடு காரில் கோயம்புத்தூர் போனார்கள். நானும் நூர்ஜஹானும் பல்லடம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தோம்.

மறுநாள் ராஜினாமாக் கடிதத்தோடு போனேன். மேடம் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "உங்களை அனுப்பிட்டா, இதே தப்பை இன்னொருத்தங்க முதல்லேர்ந்து ஆரம்பிப்பாங்க" என்றார். அந்தக் கணக்கெடுப்புச் சுற்றில் நான் கொண்டுவந்த தாள்கள் முழுவதையும் கட்டித் தனியாக வைத்துவிட்டு, அந்த வீடுகளுக்கெல்லாம் வேறு ஆட்களை அனுப்பினார். என்னையும் நூர்ஜஹானையும் இடம் மாற்றினார். அவள் எங்கள் சனம் இருக்கிற ஊர்களுக்குப் போனாள், நான் அவள் குடியிருக்கிற கோட்டைமேட்டுச் சந்துகளுக்குப் போனேன். அங்கே யாருக்கும் நான் அக்காவும் இல்லை, அண்ணியும் இல்லை. சில கதவுகள் சாத்தின. திறந்த கதவுக்குப் பின்னால் பிள்ளைகள் நிஜத்தைச் சொன்னார்கள். தண்ணீர் கேட்டுக் குடித்தால் 'எந்த ஊருங்க' என்று நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிடும், அடக்கிக்கொள்வேன். அந்த ஒரு கேள்வியை விழுங்கப் பழகவே எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

கீர்த்தனாவுக்கு என்ன வைத்தியம், எத்தனை மாதம் என்றெல்லாம் எனக்குத் தெரியாது. மேடத்திடம் கேட்டபோது, "வந்துட்டிருக்கா" என்று மட்டும் சொன்னார். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது. சத்தியத்தைக் காப்பாற்றினேன். விசேஷங்களில் மல்லிகாவைப் பார்ப்பேன். அவளும் பார்ப்பாள். இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். இது பல வருடம் நடந்தது. எங்கள் சனத்தில் இரண்டு பெண்கள் பேசாமல் இருந்தால் ஏதோ சண்டை என்று நினைப்பார்கள். நினைக்கட்டும் என்று இருந்தோம்.

இந்த ஆவணியில் சத்தியமங்கலத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். யாரோ வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பார்த்தால் கீர்த்தனா. பட்டுச்சேலை, கையில் செல்போன். திருப்பூரில் வேலையாம். இரண்டு நாற்காலி தள்ளி மல்லிகா வழக்கம்போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "நல்லாருக்கறயா கண்ணு?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் சிரித்தாள். "பெரியம்மா, அப்படிக் கேக்கக் கூடாதுன்னு உங்களுக்கு ட்ரெயினிங்கில சொல்லலீங்களா?"

நாக்கைக் கடித்துக்கொண்டேன். "சரி. போன ரெண்டு வாரமா எப்படி இருந்தே?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. மேளம் கொட்டியது. யாரோ பந்திக்குக் கூப்பிட்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் எண்ணினேன். பத்து தாண்டியது. பதினைந்தும் தாண்டியது.

"சில நாள் தூக்கம் வரலீங்க பெரியம்மா. ரெண்டு நாள் ஆபீசுல தனியாப் போய் அழுதேன். மத்த நாளெல்லாம் பரவாயில்லீங்க" என்றாள்.

அப்போது மல்லிகா திரும்பினாள். சுற்றிலும் சனம். எல்லாம் எங்கள் சனம்தான். அவள் யாரையும் பார்க்காமல் மகளை மட்டும் பார்த்துக் கேட்டாள்:

"எந்த ரெண்டு நாள் கண்ணு?"

கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். மகள் பதில் தேடிக்கொண்டிருந்தாள். மல்லிகா நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். நான் எழுந்து, அவர்கள் பேச்சு காதில் விழாத தூரத்துக்குப் போய் நின்றுகொண்டேன்.